40 மடங்கு ஜூம் மேடை நடனத்துக்கு உதவுமா?

கேள்வி: மகளின் நடனத்தை அரங்கின் பின்வரிசையிலிருந்து படமெடுக்க வேண்டும். போனில் மங்கலாக விழுகிறது. 20 மெகாபிக்சல், 40 மடங்கு ஜூம் உள்ள சின்ன டிஜிட்டல் கேமரா வாங்கலாமா?

பதில்: இந்த வேலைக்கு என்றால் வேண்டாம்.

அந்த வகைக் கேமராக்களில் வெளிச்சத்தை வாங்கும் சென்சார் பெரும்பாலும் 6.2 மி.மீ. அகலம், 4.6 மி.மீ. உயரம்தான். சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. போதாததற்கு, ஜூமை முழுதாக நீட்டினால் லென்ஸ் திறப்பும் சுருங்கும். திறப்பைக் குறிக்கும் எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறிது; எஃப் 3.3-இல் தொடங்கி எஃப் 6.9-இல் போய் நின்றால், வெளிச்சம் கால் பங்குக்கும் கீழே. அரை இருட்டில் ஆடுகிற குழந்தையின் கை இழுபட்டுத் தெரியும், இல்லையேல் படம் முழுக்கப் புள்ளி புள்ளியாக இருக்கும். ஃபிளாஷ் போட்டால் முன்வரிசைத் தலைகள்தான் பளிச்சென்று விழும். மெகாபிக்சலை மறந்துவிடுங்கள், ஏ4 தாளில் நன்றாக அச்சிட 9 போதும்.

பகல் வெயிலில் என்றால் என் பதில் வேறு. மரத்து உச்சிப் பறவை, மைதானத்தில் ஓடும் பிள்ளை இவற்றை நிஜ லென்ஸ் ஜூம் அருகில் கொண்டுவரும். போன் ஓர் அளவுக்கு மேல் படத்தை வெட்டிப் பெரிதாக்குவதோடு சரி. ஆனால் பகல் என்று நான் சொல்வது திறந்தவெளி. பகலிலேயே நடந்தாலும் அரங்கம் அரங்கம்தான். மேகமூட்டமான சாயங்காலமும் கணக்கில் வராது.

கடைக்குப் போனால் ‘டோட்டல் ஜூம் 160’ என்பார்கள். லென்ஸின் 40-ஐ, படத்தை வெட்டிப் பெரிதாக்கும் டிஜிட்டல் ஜூம் 4-ஆல் பெருக்கிய கணக்கு அது. ஆப்டிகல், அதாவது நிஜ லென்ஸ் ஜூம், எவ்வளவு என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் அந்த ‘இலவச’ மெமரி கார்டு! 128 ஜிபி என்று அச்சிட்டு உள்ளே 8 ஜிபி வைத்த போலிகள் உண்டு. கேமராவும் அதை 128 என்றே நம்பும். எந்தக் கார்டையும் முதல் நாளே வீடியோவால் நிரப்பி, கடைசிவரை ஓடுகிறதா என்று பாருங்கள். விழா முடிந்தபின் தெரிந்து பயனில்லை. வாரன்டி அட்டையில் கடை முத்திரை மட்டும் இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள்.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் ‘1 அங்குல’ சென்சாரும் ஃபிலிம் கேமராக் கணக்கில் 200 மி.மீ. வரை (இந்த எண் கூடக் கூடத் தொலைவு அருகில் வரும்) ஜூமும் உள்ளதைத் தேடுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் சென்சார் பரப்பு நாலு மடங்கு. அதை அளந்து பார்த்தால் 13.2-க்கு 8.8 மி.மீ.; மூலைவிட்டம்கூட ஓர் அங்குலம் வராது. பழைய வீடியோ கேமராக் குழாயின் விட்டத்தை வைத்துச் சொன்ன கணக்கு இது. குழாய் ஒழிந்தும் கணக்கு ஒழியவில்லை. மில்லிமீட்டரில் பெட்டிமேல் போட்டால் கேமரா கம்பெனிகளுக்கு என்ன குறைந்துவிடும்?

அவ்வளவு செலவு வேண்டாமென்றால், சீக்கிரமே போய் இரண்டாம் வரிசையில் இடம் பிடியுங்கள். போனே போதும். ஆட்டத்தில் ஒரு நொடி அசையாமல் நிற்கும் இடங்கள் வரும், ஒத்திகையிலேயே பார்த்து வைத்து அங்கே அழுத்துங்கள்.