வாசகர் கேள்வி-பதில்: ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர், 'ப்ளூ மண்டே'

கேள்வி: ஜாய் டிவிஷனின் கனத்த கிட்டார் இசைக்கும் நியூ ஆர்டரின் நடன இசைக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். பாடகர் இறந்ததால்தான் மற்றவர்கள் மின்னணு இசைக்குத் தாவினார்களா?

பதில்: ஜாய் டிவிஷன் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் பாடகர் இயான் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, முதல் அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்பவிருந்த நேரத்தில், 23 வயதில் தற்கொலை செய்துகொண்டார். பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக், ஸ்டீபன் மோரிஸ் மூவரும் பழைய பெயரைக் கைவிட்டு நியூ ஆர்டர் ஆனார்கள். அதே ஆண்டு கில்லியன் கில்பர்ட் கீபோர்டுக்கும் கிட்டாருக்கும் வந்து சேர்ந்தார். பெயர் மாறியதற்குக் காரணம் அந்த மரணம். ஆனால் இயந்திரங்கள் அதற்கு முன்பே வீட்டுக்குள் வந்துவிட்டன.

ஜாய் டிவிஷன் காலத்திலேயே சம்னர், பவர்ட்ரான் டிரான்சென்டென்ட் 2000 என்ற சிந்தசைசரை (மின்னணு ஒலிக்கருவியை) உதிரிப்பாகங்களாக வாங்கித் தன் கையாலேயே பற்றவைத்துப் பூட்டினார். மோரிஸ் சாதாரண டிரம்களுக்கு நடுவே சைனேர் என்ற மின்னணு டிரம்மை வைத்திருந்தார். ஸ்டாக்போர்ட்டின் ஸ்ட்ராபெரி ஸ்டுடியோவில் 'அன்நோன் பிளஷர்ஸ்' (1979) தொகுப்பைப் பதிவுசெய்த தயாரிப்பாளர் மார்ட்டின் ஹேனட், மோரிஸை ஒவ்வொரு டிரம்மாக வாசிக்கவைத்து ஒலிகளைத் தனித்தனியாகப் பிரித்தெடுப்பதில் பிடிவாதமாக இருந்தார். ஸ்நேர் என்ற சிறு டிரம்மின் மைக்கில் சிம்பல் என்ற உலோகத் தட்டின் ஓசையும் கசிந்தால், ஸ்நேருக்குக் கொடுக்கும் டிஜிட்டல் டிலே (எதிரொலி) சிம்பலையும் இழுத்துக்கொண்டு போய்க் குழப்பிவிடும். அந்தக் கசிவு துளியும் இல்லாத ஒலி டிரம் மெஷினில் இயல்பாகவே கிடைக்கிறது. ஆக, டிரம் மெஷின் வாங்கும் முன்பே மோரிஸ் அதைப் போல வாசிக்கப் பழகியிருந்தார். இந்தக் குழுவின் மாற்றத்தைத் தாவல் என்று சொல்வதை அதனால்தான் ஏற்க முடியவில்லை.

கேள்வி: நியூ ஆர்டரின் முதல் தொகுப்பான 'மூவ்மென்ட்' ஏன் சோர்வாக ஒலிக்கிறது?

பதில்: யார் பாடுவது என்பதே சரியாக முடிவாகாத நேரத்தில் ஹேனட்டுடன் பதிவான தொகுப்பு அது (1981). சம்னரும் ஹூக்கும் மாறி மாறிப் பாடுகிறார்கள். இருவர் குரலிலும் கர்ட்டிஸின் நிழல். ஹேனட்டுடன் உறவும் அதோடு முறிந்தது. உண்மையான திருப்பத்தைத் தனிப்பாடல்களில் தேடுங்கள்: முதலில் 'எவ்ரிதிங்ஸ் கான் கிரீன்' (1981), பிறகு குழுவினரே தயாரித்த 'டெம்ப்டேஷன்' (1982).

கேள்வி: நியூ ஆர்டரின் 'ப்ளூ மண்டே' பாட்டின் தாளத்தைக் கணினியில் செய்து பார்க்கிறேன். தாளம் சரியாக இருந்தும் ஒலி சொதசொதவென்று வருகிறது. அவர்கள் எந்தக் கருவிகளைப் பயன்படுத்தினார்கள்? நான் எங்கே தவறுகிறேன்?

பதில்: டிரம், ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் என்ற டிரம் மெஷின். அடிநாதம் மூக் சோர்ஸ் சிந்தசைசர். அதை ஓட்டியது, சுரவரிசையை நினைவில் வைத்துத் தானே இயக்கும் சீக்வென்சர்; சம்னர் உதிரிப்பாகங்களில் கட்டிய பவர்ட்ரான் கருவி. பின்னால் வரும் கோரஸ் குரல், ஜெர்மானியக் குழுவான கிராஃப்ட்வெர்க்கின் 'யுரேனியம்' பதிவிலிருந்து எமுலேட்டர் என்ற சாம்ப்ளரில் (ஒலித்துண்டைப் பதிந்து வாசிக்கும் கருவியில்) எடுத்தது.

வேகத்தை நிமிடத்துக்கு 130 என்று வையுங்கள். ஓர் அடிக்கு 461 மில்லி விநாடி. அதை நான்காகப் பிரித்தால் ஒரு கட்டத்துக்கு 115. உங்கள் சிக்கல் பெரும்பாலும் இந்த 115-இல்தான் இருக்கும். இந்தப் பாட்டின் அடையாளமே, நிதானமாக அடித்துக்கொண்டிருக்கும் கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்மின் ஒலி) திடீரென்று கட்டத்துக்கு ஒன்றாகப் படபடவென்று ஓடுவது. இன்றைய மென்பொருள்களில் முதலில் கைக்கு வரும் கிக் ஒலிகள் பல 300, 400 மில்லி விநாடி இழுக்கும். ஓட்டத்தில் ஓர் அடி அடங்கும் முன் அடுத்தது அதன்மேல் விழுவதால் கீழ் ஒலி கூழாகிவிடுகிறது. டிகேயை, அதாவது ஒலி அடங்கும் நேரத்தை, 100 மில்லி விநாடிக்குக் கீழே இறக்குங்கள். ரிவெர்பை (அறை முழக்கத்தை) கிக்குக்குக் கொடுக்கவே வேண்டாம்.

அடுத்து, அடிகளைச் சற்றுத் தள்ளி ஆடவைக்கும் ஸ்விங் அமைப்பு பூஜ்யம். கிக் அடிகள் எல்லாம் ஒரே பலத்தில் இருக்கட்டும். 'மனிதத்தன்மை' சேர்க்கிறேன் என்று அடிகளை முன்பின் நகர்த்தினால் இந்தப் பாட்டின் உயிர் போய்விடும். மனிதக் கை வேண்டிய இடம் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

மூக் சோர்ஸில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் ஒலிக்கும். எனவே நீங்கள் எடுக்கும் சிந்தசைசரையும் மோனோவில் வையுங்கள். சுரங்கள் கீழ் ஸ்தாயிக்கும் மேல் ஸ்தாயிக்கும் துள்ளட்டும். ஒவ்வொன்றையும் கட்டத்தின் பாதியிலேயே, அதாவது 60 மில்லி விநாடி அளவில், வெட்டிவிடுங்கள். கிக் அடிக்க இடம் விட்டதுபோல் ஆகும்.

இப்போது மனிதக் கை. ஹூக்கின் பேஸ் கிட்டார் இந்தப் பாட்டில் கீழே இல்லை, மேலே மெட்டு வாசிக்கிறது. ஜாய் டிவிஷன் ஒத்திகைகளில் சம்னரின் கிட்டார் சத்தத்தில் தன் வாசிப்பு தனக்கே கேட்காததால் மெல்லிய தந்திகளில், கழுத்தின் மேல் பகுதிக்கு ஏறி வாசிக்கத் தொடங்கினார். அதுவே அவர் பாணியானது. வேறு எந்தக் குழுவிலாவது மூக் நுழைந்திருந்தால் பேஸ் வாசிப்பவருக்கு வேலை போயிருக்கும். இங்கே கீழ்த்தளம் முன்பே பாதி காலியாக இருந்தது. நீங்கள் வாசிக்கும்போது மேல் இரண்டு தந்திகளில் வாசியுங்கள், ஒலியை இரட்டித்தாற்போல் காட்டும் கோரஸ் எஃபெக்ட் கொஞ்சம் கொடுங்கள், 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுங்கள்.

இன்னொன்று. மின்னணு இசைக்கருவிகளை ஒன்றோடொன்று பேசவைக்கும் மிடி இணைப்பு பரவாத காலம் அது. டிரம் மெஷினும் சீக்வென்சரும் சேர்ந்து ஓட, தனியாக ஒரு மின்சுற்றைக் கட்ட வேண்டியிருந்தது. சுரங்களையும் கட்டம் கட்டமாகக் கையால்தான் ஏற்ற வேண்டும். கில்பர்ட் முழு நிரலையும் ஒட்டிச் சேர்த்த நீளமான தாள்களில் எழுதி வைத்துக்கொண்டு ஏற்றினார். அதில் ஒரு சுரம் விடுபட்டதால் சிந்தசைசர் மெட்டு தாளத்திலிருந்து சற்று விலகி நின்றது. அதைத் திருத்தாமல் விட்டது நல்லதாயிற்று; மெட்டு தாளத்தின் முதுகில் உட்காராமல் உரசிக்கொண்டே போகிறது. உங்கள் பதிப்பில் அந்தச் சுவை வேண்டுமானால் மெட்டின் டிராக்கை மட்டும் ஒரு கட்டம் நகர்த்திப் பாருங்கள். கிக்கையும் அடிநாதத்தையும் தொடாதீர்கள்.

பாடத் தொடங்க அவசரப்படவும் வேண்டாம். மூலத்தில் குரல் வருவதற்கே 2 நிமிடம் கடந்துவிடுகிறது.

கேள்வி: அந்த இசைத்தட்டு விற்க விற்க நஷ்டம் என்பது உண்மையா?

பதில்: பீட்டர் சாவில் வடிவமைத்த உறை, கணினி ஃபிளாப்பி டிஸ்க்கைப் போல, துளைகள் வெட்டப்பட்டது. அந்த வெட்டும் தனி வண்ண அச்சும் செலவை ஏற்றின. முதல் உறையில் விற்ற தட்டுகளில் நஷ்டம் என்று குழுவினரும் தட்டை வெளியிட்ட ஃபேக்டரி நிறுவனத்தாரும் பலமுறை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஆளுக்கொரு தொகை சொல்வதால் எந்த எண்ணையும் பிடித்துக்கொள்ளாதீர்கள். பின்னர் துளையில்லாத உறை வந்தது. உறையின் ஓரத்தில் உள்ள வண்ணக் கட்டங்கள் எழுத்துகள்; அவற்றைப் படிக்கும் சாவி 'பவர், கரப்ஷன் அண்ட் லைஸ்' (1983) தொகுப்பின் பின்னட்டையில் வட்டமாக இருக்கிறது.

7 நிமிடம் 29 விநாடிப் பாட்டை 12 அங்குலத் தட்டில் மட்டும் வெளியிட்டதற்குத் தொழில்நுட்பக் காரணமும் உண்டு. அடிநாதம் கனமாக இருந்தால் தட்டின் பள்ளம் அகலமாக அலையும். அந்த நீளத்தை 7 அங்குலத்தில் அடைத்தால் ஒலியளவைக் குறைத்தே ஆகவேண்டும். பிரிட்டனில் மிக அதிகம் விற்ற 12 அங்குலத் தனிப்பாடல் இதுதான்.

குழுவின் வருமானத்தை உண்மையில் விழுங்கியது உறை அல்ல. மான்செஸ்டரில் 1982 மே 21-இல் திறந்த ஹசியெண்டா என்ற இரவு நடன விடுதிக்கு நியூ ஆர்டர் பணம் ஆண்டுக்கணக்கில் போனது. ஃபேக்டரி நிறுவனம் 1992-இல் முறிந்தது. விடுதி 1997-இல் மூடப்பட்டது.

கேள்வி: இப்போதுள்ள குழுவில் ஹூக் இல்லையே?

பதில்: 2007-இல் விலகினார். மற்றவர்கள் 2011-இல் டாம் சாப்மனை பேஸ் வாசிக்க வைத்து மேடைக்குத் திரும்பினார்கள். பெயர் உரிமையும் பங்குப் பணமும் தொடர்பான வழக்கு 2017-இல் சமரசத்தில் முடிந்தது. 'மியூசிக் கம்ப்ளீட்' (2015) நல்ல தொகுப்பு. ஆனாலும் அந்த மேல்தந்தி மெட்டு இல்லாத வெறுமை எனக்குக் கேட்கிறது.

கேள்வி: புதிதாகக் கேட்பவர் எதை வாங்கலாம்?

பதில்: 'சப்ஸ்டன்ஸ்' (1987). 12 அங்குலப் பாடல்களின் திரட்டு. 'ப்ளூ மண்டே' முழுதாக இருக்கிறது. வாங்கும் முன் இரண்டு விஷயம்: இதிலுள்ள 'டெம்ப்டேஷன்', 'கன்ஃப்யூஷன்' இரண்டும் 1987-இல் புதிதாகப் பதிவானவை. 'தி பெர்ஃபெக்ட் கிஸ்' உட்படச் சில பாடல்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அவற்றை மூலத் தனிப்பாடலாகத் தேடிக் கேளுங்கள். 1988-இல் வந்த 'ப்ளூ மண்டே' மறுகலவை பிரிட்டன் பட்டியலில் 3-ஆம் இடம் வரை போனது என்றாலும் தாளம் படிக்க உதவாது. அதன்பின் 'டெக்னிக்' (1989). இபிசா தீவில் தொடங்கிய பதிவு. கிட்டாரும் சீக்வென்சரும் ஒன்றையொன்று மறைக்காமல் ஒலிக்கும் தொகுப்பு அதுவே.