கலந்தாலும் மாறாதது எது?

10ஆம் தரம் படிக்கும் மகனுக்கு அட்சரகணிதத்தில் கலவைக் கணக்கு மட்டும் பிடிபடவில்லை, எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

போன வருடம் என் தங்கையின் மகளும் இதே இடத்தில்தான் நின்றாள். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பின்னேரங்களில் கொப்பியோடு வருவாள். காலிமுகத்திடலுக்குப் போனால் கச்சான் வாங்காமல் திரும்பாத பிள்ளை. அதனால் கச்சானிலேயே கணக்குக் கொடுத்தேன். விலை நானாகப் போட்டதுதான்: கச்சான் கிலோ 800 ரூபாய், கஜு கிலோ 4000. இரண்டையும் கலந்து, கிலோ 1600 ரூபாய்ப்படி 10 கிலோ வேண்டும். கஜு எவ்வளவு?

கஜுவுக்கு எக்ஸ் போட்டாள். கச்சானுக்கு என்ன போடுவதென்று தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

“கஜு மூன்று கிலோ எண்டால் கச்சான் எவ்வளவு?”

“ஏழு, மாமா.”

“எப்படி வந்தது?”

“பத்தில மூன்றைக் கழிச்சன்.”

“அப்ப கஜு எக்ஸ் எண்டால்?”

கொஞ்ச நேரம் கழித்து 10 − எக்ஸ் என்று எழுதினாள். இந்தக் கொஞ்ச நேரத்தைப் பிள்ளைக்குக் கட்டாயம் கொடுங்கள். நாமே சொல்லிவிட்டால் அடுத்த கணக்கிலும் அங்கேயே நிற்கும்.

சரி, சமன் குறியை எங்கே போடுவது? கலந்ததால் மாறாத ஒன்றைத் தேட வேண்டும். இங்கே அது மொத்தப் பெறுமதி. 4000எக்ஸ் + 800(10 − எக்ஸ்) = 16000. சுருக்கினால் 3200எக்ஸ் = 8000, கஜு 2.5 கிலோ, கச்சான் 7.5 கிலோ. 1600 என்பது 4000ஐ விட 800க்குக் கிட்ட இருப்பதால் கச்சான்தான் கூட வர வேண்டும். விடை வந்ததும் இப்படி ஒருதரம் பார்க்கப் பழக்குங்கள், தலைகீழாகப் போட்ட சமன்பாடு உடனே பிடிபடும்.

சதவீதக் கணக்கும் இதேதான். 600 கிராம் சீனிக்கரைசலில் 10% சீனி. தண்ணீர் சேர்த்து 6% ஆக்க வேண்டும். பிள்ளைகள் பெரும்பாலும் 6 சதவீதத்தைப் பழைய 600 கிராமுக்கே எடுத்துவிடுவார்கள். அவளுக்கு ஒரு கிளாஸில் சீனியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தேன். தண்ணீர் ஊற்றி மறுபடி கொடுத்தேன். “இனிப்புக் குறைஞ்சிட்டுது. ஆனா சீனி உள்ளுக்குத்தானே இருக்கு” என்றாள். அப்புறம் அவளே எழுதினாள்: சீனி 60 கிராம், அது புதிய மொத்தமான 600 + எக்ஸ் இல் 6%. மொத்தம் 1000 கிராம், சேர்க்க வேண்டிய தண்ணீர் 400 கிராம்.