சர்வரைப் புதுப்பித்தபின் பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடவில்லையா? முதலில் இதைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் அலுவலக சர்வரில் தினமும் இரவு 11 மணிக்கு ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் ஓடி, அன்றைய விற்பனையை எக்செல் ஃபைலாக்கி முதலாளிக்கு மெயில் அனுப்பும். எழுதிக் கொடுத்த பையன் வேலையை விட்டுப் போய்விட்டான். போன மாதம் சர்வரின் இயங்குதளத்தை உபுண்டு 22.04-லிருந்து 24.04-க்கு மாற்றினார்கள். அன்றிலிருந்து மெயில் இல்லை. கையால் ஓட்டினால் ‘டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற மாட்யூல் இல்லை’ என்கிறது. முழுவதையும் புதிதாக எழுத 40,000 ரூபாய் ஆகும் என்கிறார் ஒருவர். பழைய பைத்தானையே திரும்பப் போட முடியாதா?

பதில்: பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் ஸ்கிரிப்ட் கெட்டுப்போகவில்லை, அதன் காலடியில் இருந்த தரை மாறிவிட்டது. உபுண்டு 22.04-இல் இருந்தது பைத்தான் 3.10. 24.04-இல் இருப்பது 3.12. டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற பழைய மாட்யூலை, அதாவது பைத்தானோடு சேர்ந்தே வந்த ஒரு ஆயத்த நிரல் தொகுப்பை, 3.12-இல் அடியோடு எடுத்துவிட்டார்கள். இது போகப்போகிறது என்று 3.10-இலேயே எச்சரிக்கை வந்தது உண்மைதான். ஆனால் நள்ளிரவில் ஆளில்லாமல் ஓடும் ஸ்கிரிப்ட்டில் அந்த எச்சரிக்கையை யார் பார்ப்பது? சர்வரைப் புதுப்பிக்கக் காசு வாங்கியவர்கள், அதில் என்னென்ன ஓடுகிறது என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்பதே இல்லை. எனக்கு வரும் கடிதங்களில் பாதி இந்த ஒரு அலட்சியத்தால் வருபவை.

சரி, வேலைக்கு வருவோம். முதலில் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரை அப்படியே வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். அப்புறம் ஸ்கிரிப்ட்டைத் திறந்து, டிஸ்ட்யூட்டில்ஸ் என்ற சொல் எந்த வரியில் வருகிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரே ஒரு இடம்தான் இருக்கும். ‘யெஸ்’, ‘நோ’ என்ற எழுத்தை 1, 0 ஆக மாற்றும் ஸ்ட்ர்டுபூல் என்ற சின்ன உதவிக்காகத்தான் அதை அழைத்திருப்பார்கள். அதற்குப் பதில் நான்கு வரி போதும். அதுகூட வேண்டாம் என்றால் செட்அப்டூல்ஸ் என்ற பொதியை (பேக்கேஜ்) நிறுவுங்கள், டிஸ்ட்யூட்டில்ஸ் அதனுடன் வந்துவிடும். எப்படி நிறுவுவது என்று கீழே சொல்கிறேன்.

அது சரியானதும் ‘பாண்டாஸ் இல்லை’ என்று அடுத்த பிழை வரும், பயப்படாதீர்கள். அட்டவணைகளைக் கையாளும் அந்தப் பொதி உங்கள் சர்வரிலேயேதான் இருக்கிறது, ஆனால் 3.10 என்று பெயரிட்ட ஃபோல்டருக்குள். புதிய பைத்தான் அந்த ஃபோல்டரில் தேடாது. அந்தப் பழைய ஃபோல்டரைத் திறந்தால், நிறுவிய ஒவ்வொரு பொதியின் பெயரும் வெர்ஷன் எண்ணோடு வரிசையாக இருக்கும். பெயர்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள், எண்களை விட்டுவிடுங்கள். பழைய பாண்டாஸ் 3.12-இல் ஏறாது. 2.1.1 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும்.

இப்போது பொதிகளை நிறுவும் பிப் என்ற கருவியை வைத்து நேரடியாக நிறுவப் போனால் உபுண்டு மறுக்கும். ‘சிஸ்டத்தை உடைத்தாலும் பரவாயில்லை’ என்று பொருள்படும் ஒரு சொல்லைக் கட்டளையில் சேர்த்தால் நிறுவும் என்று யாராவது சொல்லித் தருவார்கள். சேர்க்காதீர்கள். வென்வ் என்ற தனிச் சூழலைப் புதிதாக உருவாக்கி, அதற்குள் நிறுவுங்கள். இன்னொன்று: பிழைச்செய்தியில் வரும் மாட்யூல் பெயரை அப்படியே பிப்பிடம் கொடுக்காதீர்கள். யாமல் என்ற மாட்யூலுக்குப் பொதியின் பெயர் பையாமல். இப்படிப் பெயர் குழம்பும் என்று தெரிந்தே, ஒத்த பெயரில் தீய நிரலை ஏற்றிவைத்துக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

பாண்டாஸ் புதியதானதால் ஸ்கிரிப்ட்டில் ஓரிரு வரி மாற்ற வேண்டியிருக்கலாம். ஒரு அட்டவணையின் அடியில் இன்னொன்றைச் சேர்க்கும் அப்பெண்ட் 2.0-இல் போய்விட்டது, அந்த இடத்தில் கான்கேட் போட வேண்டும். இதைத்தான் அவர் 40,000 ரூபாய் வேலை என்கிறார். அவரிடம் ஒன்று கேளுங்கள்: எந்தெந்த வரி மாற வேண்டும் என்று எழுதித் தர முடியுமா? தர மாட்டேன் என்றால் அனுப்பிவிடுங்கள். யாரிடம் ஸ்கிரிப்ட்டைக் கொடுத்தாலும், அதற்குள் எழுதியிருக்கும் மெயில் பாஸ்வேர்டை எடுத்துவிட்டுக் கொடுங்கள்.

பழைய பைத்தானைத் திரும்பப் போடுவது பற்றி. சர்வரின் பொது பைத்தானை 3.10-க்குத் திருப்பிவிடுபவரைக் கிட்டவே சேர்க்காதீர்கள். ஒரு அலுவலகத்தில் அப்படிச் செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் டெர்மினல் ஜன்னலே திறக்கவில்லை. ஏனென்றால் உபுண்டுவில் அதைத் திறப்பதும் ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட்தான்.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. வருகைப் பதிவு இயந்திரம், எடை மேடை போன்றவற்றோடு பேசும் ஸ்கிரிப்ட்டில், இயந்திரம் விற்றவர் கொடுத்த ஒரு ஃபைல் இருக்கலாம். அதன் பெயரில் ‘சிபைத்தான்-310’ என்று இருந்தால், அது 3.10-இல் மட்டும்தான் ஏறும், எத்தனை வரி மாற்றினாலும் பயனில்லை. பெயரில் ‘ஏபிஐ3’ என்று இருந்தால் கவலை வேண்டாம், புதியதிலும் ஏறும். முதல் வகையாக இருந்தால், விற்றவரிடம் 3.12-க்கான ஃபைலைக் கேளுங்கள். அது வரும்வரை 3.10-ஐப் பொது பைத்தானைத் தொடாமல் பக்கத்தில் தனியாக நிறுவி, அந்த ஒரு ஸ்கிரிப்ட்டுக்கு மட்டும் பயன்படுத்துங்கள். 3.10-க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2026 அக்டோபர் வரைதான். அந்த ஃபைலை விற்றவரிடம் இப்போதே எழுத்தில் கேட்டுவையுங்கள், இவர்கள் வாய்மொழியாகக் கேட்டால் அசைய மாட்டார்கள். உங்களுடையது விற்பனைக் கணக்கு என்பதால் இந்தச் சிக்கல் வர வாய்ப்பில்லை.

எல்லாம் சரியானபின், ஸ்கிரிப்ட்டைக் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் கிரானில் இருக்கும் வரியைத் திறந்து, வெறும் பைத்தான் என்று இருக்கும் இடத்தில் புதிய வென்வுக்குள் இருக்கும் பைத்தானின் முழுப் பாதையை எழுதுங்கள். அதே வரியின் முடிவில், பிழைகளும் சேர்ந்து ஒரு லாக் ஃபைலில் விழும்படி செய்யுங்கள். மறுநாள் காலை மெயில் வந்ததா என்று முதலாளியைக் கேட்கும் முன் அந்த லாக் ஃபைலைத் திறந்து பாருங்கள்.