நடுவில் நிற்கும் குரல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

‘பொஹீமியன் ராப்சடி’ பாட்டுக்காகத்தான் பிரிட்டனின் ராக் இசைக்குழுவான குவீனின் ‘எ நைட் அட் தி ஆப்பரா’ ஆல்பத்தை முதல்முறை முழுதாகக் கேட்டேன். அதில் ‘தி ப்ராஃபெட்ஸ் சாங்’ என்று ஒரு நீண்ட பாட்டு. நோவாவின் வெள்ளக் கதை போலத் தெரிகிறது. நடுவில் கருவிகள் நின்றுபோய் வெறும் குரலே ஒலித்துக்கொண்டிருக்கிறது. அங்கே பொறுமை இழந்து தள்ளிவிட்டேன். இந்தப் பாட்டின் பின்னணி என்ன?

கே., கோவை

அன்புள்ள கே.,

நீங்கள் தள்ளிவிட்ட பகுதிக்காகவே நான் இந்தப் பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். இன்னொரு முறை கேளுங்கள், ஹெட்போன் போட்டுக்கொண்டு.

எழுதியவர் குழுவின் கிட்டார் கலைஞர் பிரையன் மே. 1974இல் அவருக்கு உடம்பு அடுத்தடுத்துப் படுத்தியது. அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவே கல்லீரல் அழற்சி வந்து ஊர் திரும்பினார். ‘ஷீர் ஹார்ட் அட்டாக்’ ஆல்பத்தின் வேலை நடக்கும்போது குடல்புண். அந்த நோய்க்காலத்தில் கண்ட ஒரு கனவிலிருந்து வந்தது இந்தப் பாட்டு. பெருவெள்ளம் வருகிறது. தெருவில் போகும் மனிதர்கள் ஒருவர் கையை ஒருவர் தொட்டுவிடத் தவிக்கிறார்கள். நோவாவின் சாயல் வரிகளில் உண்டு, சரிதான். ஆனால் எனக்கு அந்தக் கைகள்தான் முக்கியம். படுக்கையில் கிடந்த ஒருவருக்கு வரக்கூடிய கனவு அது.

இப்போது அந்த நடுப்பகுதிக்கு வருகிறேன். குழுவின் பாடகர் ஃப்ரெடி மெர்குரி ஒரு வரியைப் பாடுகிறார். அது ஒலிநாடாவில் பதிவாகி, சற்றுத் தாமதித்து ஒரு காதில் திரும்புகிறது. மறுபடி தாமதித்து இன்னொரு காதில். அதற்குள் அவர் அடுத்த வரிக்குப் போய்விடுகிறார். முன்பு பாடியதும் இப்போது பாடுவதும் ஒன்றோடொன்று இசைய வேண்டும், அதற்கேற்ப ஒவ்வொரு சொல்லையும் இடம் பார்த்து வைக்கிறார். மேலை இசையில் கேனான் என்று சொல்லும் பழைய முறை இது. மே தன் கிட்டாரில் இதே தாமதக் கருவியை வைத்துத் தனக்குத்தானே துணை வாசித்துக்கொண்டிருந்தவர். இங்கே அதைக் குரல் செய்கிறது. யாராவது கைகொடுக்க மாட்டார்களா என்று தவிக்கும் பாட்டில் ஒரு மனிதனுக்குத் தன் குரல் மட்டுமே பதிலாக வருகிறது. எனக்கு ஒவ்வொரு முறையும் உடல் சிலிர்க்கும் இடம். மேடையிலும் மெர்குரி இதைத் தனியாக நின்று பாடினார்.

அப்புறம் கிட்டார் பாய்ந்து வருமே, அதன் கனத்துக்கு ஒரு காரணம், மே கிட்டாரின் ஆறாவது தந்தியை, அதாவது மிகக் கனத்த ஒலி தரும் தந்தியை, ‘ஈ’ ஸ்வரத்திலிருந்து ‘டி’க்கு இறக்கியிருக்கிறார்.

1975இல் வந்த எல்பி தட்டின் இரண்டாம் பக்கம் இதில்தான் தொடங்குகிறது. 8 நிமிடம் 21 விநாடி. ‘பொஹீமியன் ராப்சடி’யும் அதே பக்கத்தில்தான், 5 நிமிடம் 55 விநாடி. உலகம் அதை எடுத்துக்கொண்டது. எனக்கு இது அதைவிட ஒரு படி மேல்.

முடிந்ததும் உடனே நிறுத்திவிடாதீர்கள். தொடக்கத்தில் கேட்கும் கோட்டோ, ஜப்பானியத் தந்திக்கருவியின் பொம்மை வடிவம் அது, கடைசியிலும் வரும். வெள்ளம் வடிந்து, இடைவெளியே இல்லாமல் ‘லவ் ஆஃப் மை லைஃப்’ தொடங்கும்.