பதில்: மலையில் ஏறும்போது ஆர்பிஎம் 7,400-ஐத் தாண்டவில்லை

வணக்கம். தாழ்வான மினசோட்டாவில் 8,000 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை) எட்டிய உங்கள் டர்போ இல்லாத 850 சிசி பனிவண்டி (ஸ்னோமொபைல்), கொலராடோவின் ராபிட் இயர்ஸ் கணவாயில் 7,400-லேயே நின்றுவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். எஞ்சினில் பழுது இருக்க வாய்ப்பு குறைவு. ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் சுமார் 3 சதவீதம் ஆற்றல் குறைவதால், ஏறத்தாழ 9,400 அடி உயரமுள்ள அந்தக் கணவாயில் கால்பங்கு ஆற்றல் போய்விடுகிறது. ஆனால் முதன்மை கிளட்ச்சின் (எஞ்சினோடு சுழன்று பெல்ட்டை இறுக்கும் பகுதி) எடைகள் தாழ்நிலத்துக்கு உரியவையாகவே இருப்பதால், அவை பெல்ட்டை அளவுக்கு மீறி மேலே தள்ளி எஞ்சினை அமுக்குகின்றன.

முதலில் பெல்ட் தொய்வைச் சரிபார்த்து, கிளட்ச் தட்டுகளில் படிந்துள்ள கருந்தூளைத் துடைத்துவிடுங்கள். இதைப் பலர் தவிர்த்துவிடுகிறார்கள், அது தவறு. பிறகு எடைகளைக் குறையுங்கள். ஒரு கிராமுக்குத் தோராயமாக 100 ஆர்பிஎம் என்பது நடைமுறைக் கணக்கு என்பதால், எல்லா எடைகளிலும் சமமாக 5 அல்லது 6 கிராம் குறைத்து, ஆழ்ந்த பனியில் முழுத் திராட்டிலில் மேடேறிப் பாருங்கள். கிளட்ச் ஸ்பிரிங்கையும் ஹீலிக்ஸையும் (இரண்டாம் கிளட்ச்சில் உள்ள சரிவு வடிவப் பாகம்) அதுவரை தொடாதீர்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது பலன் தந்தது என்று தெரியாது. ஊர் திரும்பியதும் பழைய எடைகளை மறவாமல் பொருத்துங்கள், இல்லையெனில் எஞ்சின் மிகைவேகத்தில் சுழலும்.