பாக்கியைக் கேட்கும் முன் பாகத்தைப் பாருங்கள்

கேள்வி: கோவையில் சிறிய பீங்கான் பட்டறை நடத்துகிறேன். புகையிலையை எரிக்காமல் சூடாக்கி ஆவி எழுப்பும் கருவிக்கு, 350 டிகிரி வரை தாங்கும் சிர்கோனியா குழாய் வடிவமைத்துத் தரச் சொல்லி ஒரு வெளிநாட்டு நிறுவனம் கேட்டது. 14 மாதம் உழைத்தேன். விரிசல் விட்டு வீணானவை மட்டும் நூற்றுக்கணக்கில். கடைசியில் 300 குழாய்களை 11 பார்சலாகக் கொரியரில் அனுப்பினேன். முன்பணம் 9 லட்சம் வந்தது, 17 லட்சம் பாக்கி. இப்போது 6 லட்சம் தந்து கணக்கை முடிக்கலாம் என்கிறார்கள். மாதிரிகளையும், பொருத்திப் பார்க்க அவர்கள் இன்ஜினியர் பையில் கொண்டுவந்து கொடுத்த இரண்டு கருவிகளையும் திருப்பி அனுப்ப வேண்டுமாம். மறுத்தால் முன்பணத்தையும் திருப்பிக் கேட்பார்களாம். காப்புரிமை விண்ணப்பத்தில் என் பெயரே இல்லை. மோசடிப் புகார் கொடுக்கலாமா?

பதில்: நீங்கள் எழுதிய ஏழு பக்கத்தில் ஆறு பக்கம் அவர்கள் உங்களை நடத்திய விதம் பற்றியது. வருத்தம் நியாயமானதுதான், ஆனால் வழக்குக்கு உதவாது. ஒன்றும் எரியவில்லை, நிகோடின் என் பட்டறைக்குள் வரவே இல்லை, சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு என்ற வாதங்களும் அப்படியே. 2019-ஆம் ஆண்டின் மின்னணு சிகரெட் தடைச் சட்டத்துக்கு நெருப்பு ஒரு பொருட்டே இல்லை. ஒரு பொருளைச் சூடாக்கி, உள்ளிழுக்க ஆவி எழுப்பும் மின்னணுக் கருவி எதுவானாலும், நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், அதன் கணக்கில் மின்னணு சிகரெட்தான். எரிக்காமல் சூடாக்கும் வகையைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறார்கள். மருந்து மற்றும் அழகுசாதனப் பொருள் சட்டத்தில் உரிமம் பெற்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஆராய்ச்சிக்கு விலக்கு கிடையாது.

பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று. 4-ஆம் பிரிவு தடுப்பது முழுக் கருவியை மட்டுமல்ல, அதன் எந்தப் பாகத்தையும். நேரடியாகவோ மறைமுகமாகவோ தயாரிப்பது, இறக்குமதி செய்வது, ஏற்றுமதி செய்வது, கொண்டுசெல்வது, விற்பது எல்லாம் அதில் அடக்கம். உங்கள் குழாய் ஒரு பாகமா, இல்லையா?

‘வடிவமைத்தல்’ என்ற சொல் அந்தப் பிரிவில் இல்லை. பொடிக் கலவை, சூளையின் வெப்ப அட்டவணை, சோதனை அறிக்கை என்ற அளவில் நின்றிருந்தால் உங்களுக்காக நானே தெம்பாக வாதாடுவேன். எந்த உலைக்கும், எந்த வடிகட்டிக்கும் பொருந்தும் பொதுவான பீங்கான் என்றாலும் சொல்ல ஏதோ இருக்கும். ஆனால் அந்தக் கருவியின் அளவுக்கென்றே 300 குழாய்களைச் சுட்டெடுத்து அனுப்பியிருக்கிறீர்கள். பர்ச்சேஸ் ஆர்டரில் கருவியின் பெயரே இருக்கிறது. அதற்கு மேல் என்ன சொல்ல?

இனி மோசடிப் புகார். இந்தச் சட்டத்தில் சோதனை போட அதிகாரம் பெற்றவர் யார் தெரியுமா? சப்-இன்ஸ்பெக்டரும் அவருக்கு மேற்பட்ட போலீஸ் அதிகாரிகளும். நீங்கள் புகார் மனுவை நீட்டப் போவது அவரிடம்தான். புகார்தாரராக ஸ்டேஷன் படியேறி, மாலையில் முன்ஜாமீனுக்கு என்னை அழைத்த கட்சிக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய புகாரின் இரண்டாவது பத்தியே ஒப்புதல் வாக்குமூலமாக இருந்தது. சிவில் வழக்கு போட்டாலும் இதே கதைதான். பாக்கி எதற்காக என்று வழக்குரையில் எழுதித்தானே ஆக வேண்டும்? வக்கீல் நோட்டீஸும் வேண்டாம். அதுவும் உங்கள் கையெழுத்தோடு போகும் காகிதம்தான்.

முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். அடுத்த குற்றத்துக்கு மூன்றாண்டு வரை சிறையும் ஐந்து லட்சம் வரை அபராதமும். 11 பார்சலை ஒரு குற்றமாக எண்ணுவதா, பதினொன்றாக எண்ணுவதா என்பதை உங்கள் வழக்கை வைத்து வாதாடிப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

நான் அதிகம் பயப்படுவது அந்தக் கொரியர் காகிதங்களைப் பார்த்துத்தான். ‘ஆய்வகப் பீங்கான் மாதிரி’ என்று எழுதி அனுப்பியதாகச் சொல்கிறீர்கள். அது தெரிந்தே சொன்ன பொய் என்று சுங்கத்துறை முடிவு செய்தால், சுங்கச் சட்டத்தின் 114ஏஏ பிரிவில் சரக்கின் மதிப்பைப் போல ஐந்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம். தடைச் சட்டம் தெரியாது என்ற உங்கள் வாதத்தையும் அந்த ஒரு வரி கெடுத்துவிடும். தெரியாதவர் எதற்குப் பெயரை மாற்றினார் என்று கேட்பார்கள்.

அப்புறம், தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். கடிதத்தின் கடைசியில், வாட்ஸ்அப் உரையாடலை நீக்கிவிடட்டுமா என்று போகிறபோக்கில் கேட்டிருக்கிறீர்கள். சாட்சியமாக வரக்கூடிய மின்னணுப் பதிவை வராமல் தடுக்க அழித்தால், இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. குழாய் செய்ததற்கு ஓராண்டு, அதை மறைத்ததற்கு மூன்றாண்டு! இந்தக் கணக்கு புரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

முன்பண மிரட்டலுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஒப்பந்தத்தின் நோக்கமே சட்டவிரோதம் என்றால் ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் அது செல்லாது. அது தெரிந்தே கைகோத்தவர்கள், கொடுத்ததைத் திருப்பித் தா என்று 65-ஆம் பிரிவின் கீழ் கேட்க முடியாது. 1974-இல் குஜு காலியரீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் காட்டிய வழி இது. நீங்கள் 17 லட்சத்துக்குத் தட்ட முடியாத கதவை, அவர்கள் 9 லட்சத்துக்கும் தட்டுவது கடினம். உங்கள் ஒப்பந்தம் சொல்கிறபடி லண்டனில் நடுவர் (நீதிமன்றத்துக்கு வெளியே தகராறைத் தீர்ப்பவர்) தீர்ப்பு வாங்கிவந்தாலும், அதை இங்கே நிறைவேற்ற வரும்போது இந்தியப் பொதுக் கொள்கைக்கு முரணானது என்று எதிர்க்கலாம். நீங்களே லண்டனுக்குப் போகலாமா என்றால், நடுவர்களுக்குக் கட்டும் முன்பணத்திலேயே பாக்கியில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

காப்புரிமையில் பெயர் இல்லை என்பதை விட்டுத் தள்ளுங்கள். இந்தியாவில் வசிப்பவர், இங்கே முதலில் விண்ணப்பித்து ஆறு வாரம் ஆகாமல், எழுத்து மூல அனுமதியும் வாங்காமல், வெளிநாட்டில் விண்ணப்பிக்கவோ விண்ணப்பிக்கச் செய்யவோ கூடாது என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு. மீறினால் இரண்டாண்டு வரை சிறை உண்டு. ‘கண்டுபிடித்தவன் நான்தான், பெயரைச் சேர்’ என்று மெயில் போட்டு அந்த வம்பையும் ஏன் இழுத்துக்கொள்கிறீர்கள்?

ஆக, 6 லட்சத்தை வாங்கிக்கொண்டு முடியுங்கள். கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் அவர்கள் அனுப்பியிருக்கும் சமரசப் பத்திரத்தில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். மாதிரிகளையும் கருவிகளையும் திருப்பி அனுப்பும் நிபந்தனை போக வேண்டும். அனுப்பினால் அது 12-ஆவது ஏற்றுமதி. இந்தியச் சட்டங்கள் அனைத்தையும் பின்பற்றினேன் என்று நீங்கள் உறுதி கூறும் வரியும், பின்னால் வரும் நஷ்டத்தை நீங்கள் ஈடுகட்டுவீர்கள் என்ற வரியும் போக வேண்டும். பணம் வடிவமைப்பு வேலைக்கும் சோதனை அறிக்கைக்கும்தான் என்றால் இன்வாய்ஸில் அதை மட்டும் உள்ளபடி எழுதுங்கள். வங்கியில் கேட்டாலும் அதே பதில். கற்பனையாக ஒரு பெயர் வைத்தால் கொரியர் கதை மறுபடியும் தொடங்கும்.

அந்த இரண்டு கருவிகள் இன்னும் பட்டறையில் இருப்பது தனிச் சிக்கல். சேமித்து வைப்பதற்கு 5-ஆம் பிரிவு தனியாக இருக்கிறது, ஆறு மாதம் வரை சிறை. இரண்டு கருவி கையிருப்பு ஆகுமா என்று வாதாடலாம், சரி. அந்த வாதம் சோதனை நடந்து முடிந்த பிறகு நீதிமன்றத்தில் வருவது. அவற்றைக் குப்பையில் போடாதீர்கள், நண்பர் வீட்டுக்கு மாற்றாதீர்கள். பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன், கோவையிலேயே குற்றவியல் பார்க்கும் ஒரு வக்கீலை நேரில் பாருங்கள். அனுப்பியது போக பட்டறையில் எத்தனை குழாய் மிச்சம் என்று நீங்கள் எழுதவில்லை. எண்ணிக்கொண்டு போங்கள், அவர் முதலில் கேட்பது அதைத்தான்.