பிளாக்ஹீத் ரக்பி கிளப்: சொந்தக் கூரை இல்லாத காலம் – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, பிளாக்ஹீத் கிளப் 1858-இல் தொடங்கியபோதே அதற்குக் கட்டடம் இருந்ததா?

பதில்: ஒரு கொட்டகைகூடக் கிடையாது. தென்கிழக்கு லண்டனில் பிளாக்ஹீத் என்ற பொதுப் புல்வெளியில்தான் ஆட்டம். உடை மாற்றுவதும், ஆட்டம் முடிந்ததும் கூடிப் பேசுவதும் புல்வெளி ஓரத்திலிருந்த ‘பிரின்சஸ் ஆஃப் வேல்ஸ்’ மதுவிடுதியில். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் ரக்பியை நடத்தும் அமைப்பான ரக்பி ஃபுட்பால் யூனியனே 1871 ஜனவரி 26 அன்று லண்டனில் ஓர் உணவகத்தில்தான் பிறந்தது.

கேள்வி: வெளிநாட்டு அணி வந்தாலும் அதே மதுவிடுதிதானா?

பதில்: அதேதான். 1881 பிப்ரவரி 19 அன்று வேல்ஸ் தன் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆட வந்தது. வீரர்கள் அங்கே உடை மாற்றிக்கொண்டு, ஆட்டம் நடந்த ரிச்சர்ட்சன் வயலுக்குப் போனார்கள். வேல்ஸ் வீரர்களில் இரண்டு பேர் வந்து சேரவில்லை; வேடிக்கை பார்க்க வந்தவர்களில் இருவரைப் பிடித்து அணியில் சேர்த்தார்களாம்! எதிரணியான இங்கிலாந்து 13 ட்ரை (எதிரணியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைப்பது) போட்டது, வேல்ஸ் ஒன்றுகூடப் போடவில்லை. பழியை மதுவிடுதியின் மீது போடாதீர்கள்.

கேள்வி: அவ்வளவு பெரிய புல்வெளியை ஏன் விட்டார்கள்?

பதில்: கூட்டம்தான் காரணம். ஆட்டம் பிரபலமாக ஆக, பார்க்க வந்தவர்கள் ஆடுகள எல்லைக்கோட்டைத் தாண்டி உள்ளே வந்து நின்றார்கள். பொது நிலத்தில் வேலி போட முடியாது. வேலி இல்லாத இடத்தில் டிக்கெட் விற்பது எப்படி? கிளப்பின் வரலாற்றில் கட்டடத்தைவிட வேலிதான் பெரிய திருப்பம் என்பேன். முதலில் ரிச்சர்ட்சன் வயல், பிறகு 1883-இல் ரெக்டரி ஃபீல்டு. வாசலில் காசு வாங்க முடிந்த பிறகுதான் நிலையான இடம் என்ற பேச்சுக்கே பொருள் வந்தது.

கேள்வி: அந்தக் காசில் வீரர்களுக்குப் பங்கு உண்டா?

பதில்: இல்லை. பிளாக்ஹீத் ஆடும் ‘ரக்பி யூனியன்’ என்ற ரக்பி வகையில் சம்பளம் வாங்கி ஆட 1995 வரை அனுமதி இல்லை.

கேள்வி: ரெக்டரி ஃபீல்டு ரக்பிக்கு மட்டும்தானா?

பதில்: கிரிக்கெட்டும் டென்னிசும் கூடவே இருந்தன. செலவைப் பகிர்ந்துகொள்ள அதைவிட நல்ல வழி ஏது? பிளாக்ஹீத்தின் முதல் அணி 2016-இல் எல்தமில் உள்ள வெல் ஹாலுக்கு மாறிவிட்டது.